அண்ணை பார்த்துவைத்த அடையாளம்

எங்கள் ஊர்ப்பக்கம் மலை என்று பெயர் கொண்டது ஒன்றே ஒன்றுதான். கீரிமலை. அங்கேயும் மலை கிடையாது. கடலோரத்தில் ஒரு கேணி, அதற்குள் ஊறிவரும் நன்னீர், மதிலுக்கு அந்தப் பக்கம் உப்புத் தண்ணீர். அளவெட்டியிலிருந்து சைக்கிளில் போய்க் குளித்துவிட்டு ஈரத்தலையோடு திரும்பிய நாட்களில், மலை எங்கே என்று நான் ஒருவரையும் கேட்டதில்லை. கீரிமுகம் மாறிப்போன முனிவரின் கதையை ஆச்சி சொல்லியிருந்தா. அது போதுமாயிருந்தது. யாழ்ப்பாணத்தில் பிறந்தவனுக்கு உயரம் என்றால் பனை, அதற்கு மேல் கோயிற் கோபுரம்.

1989இல் சுவிஸுக்கு வந்தேன். வந்தவர்களைக் கன்ரோன் கன்ரோனாகப் பிரித்து அனுப்பினார்கள். எனக்குப் பேர்ண் விழுந்தது. சில மாதம் முகாம், பிறகு கிறிண்டல்வால்டில் ஒரு ஹொட்டேல் குசினி. அந்தக் காலத்தில் எங்கள் பெடியள் அநேகம் பேருக்கு அதுதான் முதல் வேலை, கோப்பை கழுவுறது. குசினி நிலத்துக்குக் கீழே இருந்தது. ஒரேயொரு யன்னல், அதுவும் வீதி மட்டத்தில். அதனூடே வெளியில் போகிறவர்களின் சப்பாத்து மட்டும் தெரியும். தடித்த அடியும் சிவப்பு நாடாவுமாக மலைச் சப்பாத்துகள் காலையில் துப்புரவாகப் போய்ப் பின்னேரம் சேறோடு திரும்பும். உலகத்தின் நாலு மூலையிலிருந்தும் காசு சேர்த்து வந்து பார்க்கிற ஐகர் மலை, அந்த யன்னலுக்கு வெளியே 3967 மீற்றர் உயரத்தில் நின்றது. என் கண்ணில் பட்டது அதன் சேறு.

மயிலிட்டி அண்ணை எனக்கு ஆறு மாதம் முந்தி அந்தக் குசினிக்கு வந்தவர். என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கடலுக்குப் போனவர். வலை இழுத்த கை என்பதால் எந்தச் சட்டியும் அவருக்குப் பாரமில்லை. ஃபொண்டு என்று ஒரு சாப்பாடு அங்கே. சீஸை வெள்ளை வைனில் உருக்கி மண்சட்டியோடு மேசைக்கு அனுப்புவார்கள். சாப்பிட்டு முடிய, அடியில் மஞ்சளாய் ஒரு பொருக்கு இறுகிக் கிடக்கும். முதற் கிழமை நான் கொதிதண்ணீர் ஊற்றித் தேய்த்தேன். சீஸ் இன்னும் இறுகியது, நகக்கண் கிழிந்தது. அண்ணை என் கையிலிருந்து சட்டியை வாங்கினார்.

“சுடுதண்ணி விடாதை தம்பி. பச்சைத்தண்ணி விட்டு வை. ஒரு சுருட்டுப் பத்திற நேரம் பொறு.”

பொறுத்தால் பொருக்கு வட்டமாய்க் கழன்று வரும். வள்ளத்தின் அடியில் பிடித்த சிப்பி காய்ந்து உதிர்கிற மாதிரி என்றார். வள்ளம் என்று சொல்லும்போது அவருடைய குரல் கொஞ்சம் இறங்கும். அதை நான் அப்போதே கவனித்திருக்கிறேன், ஆனால் கேட்டதில்லை.

1990 யூனில் ஊரில் மறுபடி சண்டை தொடங்கியது. பலாலி இராணுவ முகாமைச் சுற்றியிருந்த ஊர்களிலிருந்து சனம் எழும்பியது. மயிலிட்டி, ஊறணி, தையிட்டி, காங்கேசன்துறை என்று ஒவ்வொரு பெயராய்ச் செய்தி வந்தது. கடிதம் வர இரண்டு மாதம், மூன்று மாதம். ரெலிபோனில் கதைக்க வேண்டுமென்றால் அங்கிருந்து ஒருவர் கொழும்புக்கு வந்து சேர வேண்டும். அண்ணையின் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் எங்கே என்று கோடை முழுக்கத் தெரியவில்லை. அவர் வேலையில் ஒரு நாளும் பிந்தியதில்லை. சட்டிகள் எல்லாம் வழக்கத்தைவிட மினுங்கின.

கடிதம் ஒக்டோபரில் வந்தது. வந்த கையோடு அதைச் சட்டையின் உட்பையில் வைத்தார். என்ன எழுதியிருக்கிறது என்று சொல்லவில்லை. எல்லாரும் உயிரோடு இருக்கினம் என்றார், அவ்வளவுதான். கோடைச் சனம் போய், பனிச்சறுக்குச் சனம் வருவதற்கு முன்னம், அந்த ஊரில் சில கிழமை கடைகள்கூடக் கதவைச் சாத்திவிடும். எங்களுக்கும் ஒரே நாளில் லீவு கிடைத்தது. அன்று காலை அண்ணை தானாகவே சொன்னார்.

“தம்பி, உந்தப் பெட்டியிலை ஒருக்கா ஏறிப் பாப்பம்.”

பெட்டி என்று அவர் சொன்னது மென்லிகென் கொண்டோலாவை. 1978இல் திறந்தது. குறுண்டிலிருந்து மேலே 6 கிலோமீற்றருக்கு மேல் கம்பியில் போகும். நாலு பேர் முழங்கால் இடிபட எதிரெதிரே இருக்கக்கூடிய சின்னப் பெட்டி. அரை மணித்தியாலப் பயணம். தூணைக் கடக்கும்போதெல்லாம் கூரையில் கடகடவென்று ஒரு அதிர்வு, பிறகு தொட்டில் மாதிரி ஒரு ஆட்டம், பிறகு சத்தமே இல்லை. கீழே புல்வெளி, மரவீடு, அடுக்கின விறகு, பிறகு பைன் மரங்களின் உச்சி. அண்ணை இரண்டு கையாலும் இருக்கையின் விளிம்பைப் பிடித்திருந்தார். கடலில் எத்தனையோ இரவு ஆடினவர். “தண்ணி கீழை இருந்தால் பயமில்லை” என்றார்.

ஏறுகிற ரிக்கற் மட்டும்தான் எடுத்தோம். இறக்கம் நடந்து வரலாம், காசு மிச்சம். மேலே 2200 மீற்றருக்குக் கிட்டக் கொண்டோலா நிற்கிறது. மற்றப் பக்கம் வெங்கனிலிருந்து 1954ஆம் ஆண்டே கேபிள் கார் வந்துவிட்டது. இரண்டு நிலையங்களும் ஒரே முதுகில். அங்கிருந்து கிளைன ஷைடெக்குக்கு ஒரு பாதை இறங்குகிறது. நாலரைக் கிலோமீற்றர்தான். மொத்த இறக்கமும் 200 மீற்றரைத் தாண்டாது. குழந்தை வண்டிலைத் தள்ளிக்கொண்டே சிலர் போகிறார்கள். சுவிஸ்காரரைக் கேட்டால் இதை மலையேற்றம் என்ற கணக்கிலேயே சேர்க்கமாட்டார்கள். எனக்கு இன்றுவரை அதைவிடப் பெரிய மலை ஒன்றில்லை.

நிலையத்துக்கு வெளியே மஞ்சள் கைகாட்டி. அதில் தூரம் போடவில்லை, நேரம் போட்டிருந்தது. ஷைடெக்குக்கு ஒன்றரை மணித்தியாலத்துக்கு உள்பட்ட நடை. சுவிஸ் முழுக்க அப்படித்தான், நடைபாதைக் கைகாட்டியில் கிலோமீற்றர் இருக்காது. அண்ணைக்கு அது நல்லாய்ப் பிடித்துக்கொண்டது. “எங்கடை கடலிலையும் மைல்கணக்கு ஆர் பாத்தது? எத்தினை மணித்தியால ஓட்டம் எண்டுதானே கேக்கிறது.”

திரும்பினால் மூன்று மலை. இடப்பக்கம் ஐகர், நடுவில் மோன்ஹ், வலப்பக்கம் யுங்ஃப்றவ். அரக்கன், துறவி, கன்னி என்று ஊர்ச்சனம் கதை சொல்லும். அரக்கன் கன்னியைத் தொடாதபடி துறவி நடுவில் நிற்கிறானாம். குசினிச் சுவரில் ஒட்டியிருந்த படத்தில் மூன்றும் உள்ளங்கை அகலத்தில் இருந்தன. இங்கே கழுத்தைத் திருப்பினால்தான் ஒன்றிலிருந்து மற்றதுக்குப் போகலாம். ஐகரின் வடக்கு முகம் 1800 மீற்றர் செங்குத்துச் சுவர், கறுப்பாய் நின்றது. 1938 யூலையில்தான் முதன்முதல் நாலு பேர் அதில் ஏறி முடித்தார்கள். அதற்கு முன் ஏறப்போய்ச் செத்தவர்கள் உண்டு. எனக்கு இந்த விபரமெல்லாம் பிறகு படித்துத் தெரிந்தது. அன்றைக்கு அண்ணை சொன்னதுதான் மனதில் நிற்கிறது. “உந்தப் பக்கம் விடியிறதே இல்லைப் போல.”

அந்த மலைக்குள் ரெயின் ஓடுகிறது என்று நான் சொன்னேன். அவர் நம்பவில்லை. 1896இல் குடையத் தொடங்கி, 16 வருடம் குடைந்து, 1912இல் 3454 மீற்றரில் கொண்டுபோய் விட்டார்கள். குடைந்தவர்கள் பெரும்பாலும் இத்தாலியிலிருந்து வந்த கூலிகள். எங்கள் குசினியில் கிழட்டு இத்தாலியக் கோக்கி ஒருவர் இருந்தார், அந்தக் கதையைச் சொல்லும்போது தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் சொல்லுவார். மலையைப் பார்க்க வருகிறவர்களுக்காக மலைக்குள் போய்த் திரும்பாதவர்களை நினைத்துக் கழற்றுகிற தொப்பி. அதைச் சொன்னபோது அண்ணை தலையாட்டினார், வேறு கேள்வி கேட்கவில்லை.

அன்றைக்குத் தெற்குக் காற்று. ஆல்ப்ஸைத் தாண்டிச் சரிவில் விழும்போது ஒவ்வொரு 100 மீற்றருக்கும் ஏறக்குறைய 1 பாகை சூடேறி, ஈரம் வற்றி வருகிற காற்று. ஃபோன் என்பார்கள். 1892இல் இந்தக் காற்று பரப்பிய நெருப்பில் கிறிண்டல்வால்டில் பெரும்பகுதி எரிந்துபோனது. அது வீசுகிற நாளில் மலைகள் கிட்ட வந்து நிற்கும், ஒவ்வொரு வெடிப்பும் எண்ணலாம் போலத் தெரியும். அண்ணை நின்று, முகத்தைப் பக்கவாட்டில் திருப்பி, காதால் காற்றை அளந்தார்.

“சோழகம்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “ஆனால் உப்பில்லை.”

மாடுகள் செப்ரெம்பரிலேயே கீழே இறங்கிவிட்டன. மணிச்சத்தம் இல்லாத மேய்ச்சல் நிலம். புல் பழுப்பு, இடையிடையே காட்டு நாவல் மாதிரியான ஒரு பழச்செடி இலை சிவந்து படர்ந்து கிடந்தது. எதிரே வந்த ஒரு கிழவனும் கிழவியும் “குர்யெஸ்ஸெக்” என்றார்கள். நான் திரும்பிப் பார்த்தேன், எங்களுக்குப் பின்னால் வேறு யாருக்காவது சொல்கிறார்களா என்று. இல்லை, எங்களுக்குத்தான். ஊர் வீதியில் ஒன்றரை வருடம் நடந்தும் முன்பின் தெரியாத ஒருவர் எங்களுக்கு வணக்கம் சொன்னதில்லை. மலைப்பாதையில் எல்லாரும் எல்லாருக்கும் சொல்லுவார்கள் என்பது அங்கத்தைய வழக்கம். அண்ணையும் சொல்லப் பழகிவிட்டார். அடுத்து வந்தவர்களுக்கு முந்திக்கொண்டு சொன்னார், நெஞ்சில் கை வைத்து.

பாதை சுக்கன் என்ற பாறையின் இடுப்பைச் சுற்றி வளைகிறது. வளைய வளைய வலப்பக்கச் சரிவு எழும்பிக் கன்னியை மெல்ல மறைக்கும். இடப்பக்கம் பள்ளத்தாக்கு, அடியில் கிறிண்டல்வால்ட் கூரைகள், அதற்கு அப்பால் வெற்றர்ஹோர்ன். ஒரு வளைவில் அண்ணை நின்றார். இரண்டடி பின்னே போனார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தார். பிறகு ஒரு அடி முன்னே வந்தார்.

“தம்பி இஞ்சை வா. என்ரை தோளுக்கு நேரை பார். கீழை ஒரு கொட்டில் தெரியுதே, தகரக் கூரை? அதின்ரை முகட்டுக்கு நேர்மேலை அந்த மலையின்ரை மூக்கு நிக்குது. கண்டியே?”

கண்டேன். சரிவில் தனியே நின்ற ஒரு மாட்டுக்கொட்டில். அதன் முகட்டில் குத்திவைத்தது போல வெற்றர்ஹோர்னின் உச்சி.

கடலில் இடம் பிடிப்பது அப்படித்தான் என்றார். கரையில் ஒரு கோபுரம், அதற்குப் பின்னால் ஒரு பனை. இரண்டும் ஒன்றுக்கு நேரே ஒன்று வந்தால் ஒரு கோடு. மற்றப் பக்கம் வெளிச்சவீடும் இன்னொரு மரமும் சேர்ந்தால் இன்னொரு கோடு. இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் கல் கிடக்கிறது, கல்லில் மீன் கிடக்கிறது. எழுதி வைப்பதில்லை. தகப்பன் மகனுக்குத் தோளுக்கு மேலால் காட்டிவிடுவது. “இஞ்சை எங்களுக்குப் பாதையே ஒரு கோடு. இன்னொண்டு இருந்தால் போதும். எந்தக் காலம் வந்தாலும் இந்த இடத்தை விடமாட்டாய்.”

அந்த இடத்தில்தான் உட்கார்ந்தோம். பாணும் சம்பலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம். பைக்கற்றில் வருகிற உலர்ந்த தேங்காய்ப்பூவைச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, செத்தல் மிளகாயோடு கல்லில்லாமல் போத்தல் அடியால் இடித்த சம்பல். சாப்பிட்டு முடித்துக் கையைக் காற்சட்டையில் துடைத்தபின் அண்ணை உட்பையிலிருந்து கடிதத்தை எடுத்தார். வாசித்தார். சத்தமாக, நிறுத்தி நிறுத்தி, வகுப்பில் பாடம் வாசிக்கிற பிள்ளையைப் போல.

செல் விழத் தொடங்கினதும் வெளிக்கிட்டது, பிள்ளைகளோடு நடந்தது, ஒரு பள்ளிக்கூடத்தில் இரண்டு கிழமை இருந்தது, இப்போது வடமராட்சியில் ஒரு தெரிந்த ஆட்களின் விறாந்தையில் இருப்பது. எல்லாவற்றையும் மனைவி ஒழுங்காக எழுதியிருந்தா. கடைசியில் ஒரு வரி. கிணத்தடியில் வாளியை உள்ளே எடுத்துவைக்க மறந்துபோனேன், கோவிக்காதையுங்கோ.

அண்ணை கடிதத்தை மடித்தார். “வாளியை வெளியிலை விட்டிட்டாள்” என்றார். கொஞ்ச நேரம் போனது. கீழே கொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தார். “நல்ல வாளி. புதுக் கயிறு போட்டுத்தான் வந்தனான்.”

இருபத்திரண்டு வயது எனக்கு. என்ன சொல்வதென்று தெரியவில்லை. மிச்சப் பாணைச் சுற்றி வைத்தேன்.

பிறகு இறக்கம். இறங்குவது சுகம் என்று நினைத்திருந்தேன். ஏறும்போது நெஞ்சுதான் உழைக்கும், இறங்கும்போது தொடை. நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டியிருப்பதால், அந்தத் தசைதான் அடுத்த நாள் கதிரையில் இருக்கவிடாமல் நோகும். அண்ணை சரளைக் கல்லில் குதிக்கால் வைத்து, வழுக்கும் மணலில் வள்ளம் தள்ளுகிறவரைப் போல உடம்பைப் பின்சாய்த்து இறங்கினார். ஷைடெக் நிலையத்தில் பச்சை மஞ்சள் ரெயின் நின்றது. நாங்கள் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு நடந்தே கிறிண்டல்வால்டுக்கு இறங்கினோம். அந்த மூன்று மணித்தியாலத்தில் முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகமில்லை.

1992இல் அண்ணை தூண் நகரத்துப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு மாறினார். 1994இல் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். கல்யாண வீடு, கோயில் திருவிழா என்று வருடத்தில் இரண்டு தரம் காண்போம். கண்டால் முதல் கேள்வி ஊர் விடுபட்டுதா என்பதுதான். யுத்தம் முடிந்தது, ஊர் இராணுவத்தின் கையிலிருந்து விடுபடவில்லை. 2014இல் அவர் காலமானார். மூத்த மகன் சாம்பலைக் கீரிமலைக்குக் கொண்டுபோய்க் கடலில் கரைத்தான். கீரிமலைக் கரையில் நின்று கிழக்கே போனால் காங்கேசன்துறை, அதற்கடுத்துக் கொஞ்சத் தூரத்தில் மயிலிட்டி. அப்போதும் முட்கம்பிக்கு உள்ளே. கரையால் போகமுடியாத இடத்துக்கு அலையோடு போயிருப்பார் என்று நான் நினைத்துக்கொள்வேன். அப்படி நினைப்பதில் எனக்கு ஒரு ஆறுதல் இருக்கிறது.

மயிலிட்டித் துறைமுகத்தை 2017 யூலையில் விட்டார்கள். 27 வருடம். அடுத்த வருடம் அண்ணி போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்கு ரெலிபோன் எடுத்தா. வீடு இருந்த இடம் பற்றை. சுவர் ஒன்றும் இல்லை. “கிணறு கிடக்குது தம்பி” என்றா. மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. “வாளியைக் காணேல்லை.”

போன ஒக்டோபரில் மகளும் பேரனும் நானுமாக மென்லிகெனுக்குப் போனோம். பழைய கொண்டோலா 2019இல் நின்றுபோனது. அந்த டிசம்பரிலேயே புதியது வந்துவிட்டது. பத்துப் பேர் இருக்கக்கூடிய பெட்டி, 19 நிமிடம். தூண்களைக் கடக்கும்போது கடகடப்பு இல்லை, ஆட்டம் இல்லை. கண்ணாடி அகலம். சரியாக இருந்து பார்க்க முந்தி மேலே வந்துவிட்டோம். பக்கத்தில் இன்னொரு கம்பி, 2020இல் வந்த ஐகர் எக்ஸ்பிரஸ், 26 பேர் கொள்ளும் பெட்டிகளை ஐகரின் காலடிக்கு 15 நிமிடத்தில் கொண்டுபோகிறது. நல்ல வேலைதான், குறை சொல்ல எனக்கு மனமில்லை. முழங்கால் தேய்ந்தவர்களுக்கு அது வரப்பிரசாதம், இப்போது எனக்கும். ஆனால் அந்தக் கடகடப்புக்காக நான் காத்திருந்தேன் என்பது அது வராதபோதுதான் தெரிந்தது.

மேலே பெரிய மரப்பசு ஒன்று செய்து வைத்திருக்கிறார்கள், பிள்ளைகள் அதற்குள் ஏறிச் சறுக்குவதற்கு. பேரன் ஏழு தரம் சறுக்கினான். கைகாட்டி அதே மஞ்சள். மலைகள் மூன்றும் அதே வரிசை. ஐகர் அடியிலுள்ள பனியாறு மட்டும் அன்றைக்குக் கண்டதைவிட மேலே ஒதுங்கி, வாயில் கறுப்புக் கல் தெரியக் கிடந்தது.

சுக்கன் வளைவு வந்ததும் நான் மெதுவாக்கினேன். இடப்பக்கம் வெற்றர்ஹோர்ன் நின்றது, உச்சி துலக்கமாய். கொட்டிலைத் தேடினேன். சரிவில் தனியே நின்ற தகரக் கூரை எதுவும் தெரியவில்லை. இரண்டடி பின்னே போனேன். ஒரு கண்ணை மூடினேன். முன்னே வந்தேன். இன்னும் ஒரு வளைவு தள்ளியிருக்குமோ என்று ஐம்பது அடி நடந்து திரும்பினேன். மலை இருக்கிறது, அதற்குக் கீழே வைக்க ஒன்றும் இல்லை. எங்கே நின்றாலும் சரிபோலவும் இருந்தது, எங்கேயும் சரியில்லாமலும் இருந்தது.

மகள் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீர்ப் போத்தலை நீட்டினாள். பேரன் ஓடிவந்து என் காற்சட்டையைப் பிடித்தான்.

“அம்மப்பா, என்ன துலைச்சனீங்கள்?”

“ஒரு கூரை” என்றேன்.

அவன் அதை அப்படியே ஏற்றுக்கொண்டான். பாதை ஓரத்துக் கல்லில் ஏறி நின்று பள்ளத்தாக்கைப் பார்த்தான். அங்கே நூற்றுக்கணக்கில் கூரை. ஒன்றைக் காட்டி, அதுவா என்றான். இல்லை என்றேன். இன்னொன்றைக் காட்டினான். ஷைடெக் நிலையம் கண்ணில் படும்வரைக்கும், என் விரலைப் பிடித்தபடி இறங்கிக்கொண்டே, அதுவா, அதுவா என்று ஒவ்வொன்றாய்க் கேட்டுக்கொண்டு வந்தான்.